கரண்டிக்கு எத்தனை கிராம்

எனக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவுக்கு வந்த பெண் போன வாரம் போன் செய்தாள். "மேடம், ஒரு கப் ராகி மாவு எத்தனை கிராம்னு செல்போன்ல பார்த்தா ஒரு இடத்துல ஒரு மாதிரி போட்டிருக்கு, இன்னொரு இடத்துல வேற மாதிரி போட்டிருக்கு. எது சரி?" என்று கேட்டாள். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம், மாவை அள்ளியது யார் என்று முதலில் சொல் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில், "இதையெல்லாம் எழுதி வையுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் சொல்கிற மரியாதை வார்த்தைதான் அது. ஆனால் ராகி மாவைப் பற்றிப் பேசிய பேச்சில் எனக்குக் கோகிலா என்ற ஒரு தாயின் ஞாபகம் வந்துவிட்டது. அவளைப் பற்றி எழுத வேண்டுமானால் சிஸ்டர் லூர்துவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். உணவியல் படித்து முடித்ததும், சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படித்த புத்தகத்தில் எல்லாம் கிராமில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லாம் படியிலும் டம்ளரிலும் கரண்டியிலும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து விழித்ததுதான் என் முதல் சில வருஷங்கள். வேறு ஒன்றும் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

சமையலறைக்குப் பொறுப்பு சிஸ்டர் லூர்து. குள்ளமான உருவம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். யாரையும் திட்ட மாட்டார். தப்பு செய்தவரின் பக்கத்தில் வந்து நின்று, "இன்னொரு தடவை செய்யுங்க, நான் பார்க்கிறேன்" என்பார். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று சமையல்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றால் தண்ணீர் கொதிக்க வைப்பதுகூடத் தப்பாகச் செய்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அப்போது வார்டில் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் ஒரு பெரியவர் கிடந்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ராகிக் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒருநாள் கஞ்சி குழாயை அடைத்துக்கொண்டது. குழாயை உருவி வேறு போட்டார்கள். மறுநாளும் அடைத்தது. மறுபடி மாற்றினார்கள். அந்த மனிதர் வாய் திறந்து கத்தக்கூட முடியாமல் கண்ணில் நீர் வழியக் கிடந்ததைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. சமையல்காரரைக் கேட்டால், "எப்பவும் போடற ரெண்டு டம்ளர்தாங்க போட்டேன்" என்று மாதா படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான். சிஸ்டர் வந்து நின்று பார்த்தார். பழைய மாவு தீர்ந்து, செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையிலிருந்து புது மூட்டை வந்திருந்தது. அடுக்கின் அடியில் கிடந்து அமுங்கி வந்த மூட்டை. பழைய மாவு அரைத்த சூட்டோடு பூப்போல் வந்தது. டம்ளர் அதே டம்ளர்தான். உள்ளே இருந்த மாவு அதிகம். சிஸ்டர் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் இந்தச் சமையலறையில் எதையும் அளக்க வேண்டாம், நிறுத்துப் போடலாம்" என்றார்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. முன்பு இரண்டு படி என்று போட்டதை இப்போது எத்தனை கிலோ என்று போட வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த முறையை இன்றைக்கும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. எந்தப் பொருளாக இருந்தாலும் தினமும் அதை அள்ளுகிற ஆளே, அவர் அள்ளுகிற பாத்திரத்தாலேயே அள்ள வேண்டும். மேலே குவிந்ததை வழித்துத் தலைதட்டச் சொல்ல மாட்டார். "தினம் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க" என்பார். அதை நிறுப்போம். கொட்டிவிட்டு மறுபடி அள்ளச் சொல்லி நிறுப்போம். எடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்வரை விட மாட்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ரவையில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் வராது. மாவில் வரும், அவலில் வரும். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இருக்காது. உருகிய நெய் கரண்டி விளிம்போடு நின்றுவிடும். உறைந்த நெய் கரண்டிக்கு மேல் கூம்பி நிற்கும்.

நான் படித்த திமிரில் ஒரு தடவை, "தலைதட்டி அளந்தா ஒரே கணக்கா வந்துடுமே சிஸ்டர்" என்றேன். "வரும். ஆனா நாளைக்குக் காலைல இவங்க அப்படி அளக்க மாட்டாங்களே பிலோ" என்றார். என் பெயரை அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. அவர் எதற்கும் விளக்கம் தருகிறவர் இல்லை.

கோகிலா வந்தது என் வேலையின் கடைசி வருஷங்களில். சிஸ்டர் அப்போதும் பொறுப்பில்தான் இருந்தார். முழங்கால் போய்விட்டதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமையலறையை நடத்திக்கொண்டிருந்தார்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். கணவர் பெயர் செந்தில். அவர்களின் ஒரே மகள் யாழினி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. அந்தக் குழந்தைக்கு வலிப்பு. ஒரு நாளில் பல தடவை வரும். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. கடைசியில் எங்கள் குழந்தை டாக்டர், கொழுப்பை முக்கிய உணவாக வைத்து வலிப்பை அடக்கும் முறைக்கு வந்தார். சோறு இல்லை, இட்லி இல்லை, சர்க்கரை என்ற பேச்சே இல்லை. முட்டை, கொஞ்சம் பனீர், கொஞ்சம் காய், அதோடு நிறைய நெய். ஒவ்வொன்றும் கிராம் கணக்கு. கொழுப்பு குறைந்தாலும் மாவுச்சத்து கூடினாலும் உடம்பு கொழுப்பை விட்டுச் சர்க்கரையை எரிக்கிற பழைய வழிக்குத் திரும்பிவிடும், வலிப்பும் திரும்பிவிடும். சரியாகப் போகிறதா என்று பார்க்கச் சிறுநீரில் நனைக்கும் ஒரு காகிதப் பட்டை உண்டு. நன்றாகக் கறுத்தால் நல்லது, வெளுத்தால் எங்கேயோ தப்பு.

வார்டில் வைத்து ஆரம்பித்தோம், நன்றாகப் போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது கிராம் தராசு அவர்களிடம் இல்லை. செந்தில் நல்ல தராசாக வெளியூரிலிருந்து வரவழைக்கச் சொல்லி வைத்திருந்தார். அது வரும்வரைக்கும் எங்கள் கணக்குப்படி ஒரு கரண்டியைக் கொடுத்து, இத்தனை கரண்டி நெய் என்று சொல்லி அனுப்பினோம். கரண்டி நாட்களில் பட்டை கறுப்பாகவே இருந்தது. வலிப்பு அபூர்வமாகிவிட்டது. தராசு வந்தது. அதன் பிறகு பட்டை வெளுத்தது, வலிப்பு வந்தது.

துல்லியமான தராசு வந்த பிறகு நிலைமை மோசமானது எனக்குப் புரியவில்லை. மறுபடி வார்டில் சேர்த்தோம். எங்கள் சாப்பாட்டில் குழந்தை தேறியது. வீட்டுக்குப் போனதும் மறுபடி வந்தது. இரண்டாவது தடவை சேர்த்தபோது செந்தில் என் அறைக்கு வந்து நின்றார். கோகிலா அவருக்குப் பின்னால் கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க மேடம், நான் கோழித் தீவனத்துக்கு மருந்து கலக்கறவனுங்க. கிராம் தப்புனா கொட்டகையே போயிரும். எடை பொய் சொல்லாதுங்க. இங்க இருந்தா என்ற புள்ளைக்கு நல்லா இருக்குது, ஊட்டுக்குப் போனா வருது. அப்ப ஊட்டுல யாரோ எதையோ குடுக்கறாங்க."

"நான் ஒண்ணும் குடுக்கலீங்க" என்றாள் கோகிலா.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "புள்ள அழுதா இவளுக்குத் தாங்காதுங்க. ஒரு வாய் சோறுதானேன்னு ஊட்டியிருப்பா. என்ற அக்கா திருச்செங்கோட்டுல இருக்குதுங்க. அது கல்லு மனசு. நீங்க அதுக்குச் சொல்லிக் குடுங்க. புள்ளைய அங்க உட்டுப்போடறேன். இவ சமையக்கட்டுப் பக்கம் போக வேண்டாம்."

கோகிலாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நோய்க்காரப் பிள்ளையின் தாயிடம் மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுகிற உரிமை ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில் உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான். வேறு எப்படி யோசித்தாலும் கணக்கு வரவில்லை.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ அந்த அடுப்படியைப் பார்த்தியா?" என்றார். இல்லை என்றேன். "போய்ப் பார்த்துட்டு வா. யாருக்குச் சொல்லிக் கொடுக்கறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம். போனா பேசாதே, திருத்தாதே. தினம் செய்யற மாதிரியே செய்யச் சொல்லு." குழந்தை டாக்டரிடமும் அவரே பேசிவிட்டார்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை நாமக்கல் பஸ் ஏறினேன். தை மாதத்துக் குளிர் இன்னும் விடவில்லை. செந்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கார் கொண்டு வந்திருந்தார். பண்ணையைத் தாண்டித்தான் வீடு. அடுப்படி பெரியது, சுத்தமானது. மேடைமேல் தராசு, பக்கத்தில் யாழினியின் சின்ன எவர்சில்வர் கிண்ணம், தட்டு. குழந்தை தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தில் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"தினம் எப்படியோ அப்படியே செய்ம்மா" என்றேன்.

முட்டையை நிறுத்தாள், காயை நிறுத்தாள், சமைத்துத் தட்டில் போட்டாள். பிறகு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து நெய்யை எடுத்தாள். குளிருக்கு நெய் மணல் மணலாக உறைந்திருந்தது. ஒரு துளி கூடினால் எடுத்தாள், குறைந்தால் வைத்தாள். எங்கள் சமையலறையில்கூட யாரும் அவ்வளவு பொறுமையாக நிறுத்து நான் பார்த்ததில்லை. எண் சரியாக வந்து நின்றதும் கிண்ணத்தை எடுத்துத் தட்டில் இருந்த முட்டைமேல் கவிழ்த்தாள். நெய் சரிந்து விழுந்தது. இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே கிண்ணத்தை நிமிர்த்தி, மேடையில் வைத்துவிட்டாள்.

தட்டைக் குழந்தையிடம் கொடுத்தாள். யாழினி ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள். நான் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுச்சுவரிலும் அடியிலும் நெய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அந்தக் கிண்ணத்தைத் திரும்பத் தராசுல வை."

வைத்தாள். நாலு கிராமுக்கு மேல் காட்டியது.

"இதை ஏன்ம்மா வழிச்சுப் போடலை?"

அவளுக்கு நான் கேட்டது விளங்கவே இல்லை. "வழிக்கறதுங்களா? புள்ள கிண்ணத்தெ எப்படிங்க மேடம் வழிக்கறது?" என்றாள். பிறகு குழந்தைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நெய்யெடுத்த ஏனத்தெச் சுத்தமா வழிச்சுப்போட்டா அதோட முடிஞ்சுதுன்னு ஆயிருமுங்க. ஏற்கெனவே சீக்காளிப் புள்ள. அடியில நிக்கறதெ வேளைக்கு வேளை சாமி வெளக்குக்கு ஊத்திப்போட்டு, அப்புறந்தான் கழுவி வெப்பேனுங்க. தட்டுல மிச்சம் வெக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, தட்டுல ஒருநாளும் வெச்சதில்லீங்க."

மூன்று வேளையும் குழந்தைக்குச் சேர வேண்டிய கொழுப்பில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே நின்றுகொண்டிருந்தது. எங்கள் வார்டில் நாங்கள் ரப்பர் கரண்டியால் சொட்டு விடாமல் வழித்துப் போடுவோம். அதனால் அங்கே தேறினாள்.

அப்படியானால் கரண்டி நாட்களில் எப்படிச் சரியாக இருந்தது? அந்தக் கரண்டியை எடுத்து வரச் சொல்லி, முன்பு போட்ட மாதிரியே போடச் சொன்னேன். கரண்டிக்கு மேல் கோபுரமாக நெய்யைக் குவித்து எடுத்தாள். தட்டில் தட்டிவிட்டு, அதையும் வழிக்காமல் வைத்தாள். "குவிச்சு எடுக்கணும்னு யாரும் சொல்லலையே" என்றேன். "பெத்த புள்ளைக்குத் தலைதட்டிப் போட முடியுமுங்களா?" என்றாள். நிறுத்துப் பார்த்தேன். மேலே குவித்த கூடுதலும் கரண்டியில் ஒட்டி நின்ற குறைச்சலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கரண்டியால் அளந்தபோது அவளுடைய இரண்டு பழக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கின்றன. கிராமுக்கு மாறியதும் கோபுரத்தைத் தராசு எடுத்துக்கொண்டது. அடியில் விடுகிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. குழந்தை நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் விட்டு வைத்த நெய்தான் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டு வந்தது. இதை அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

செந்தில் அந்தக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நானும் தீவனத் தொட்டிய வழிக்க உட மாட்டனுங்க. கடைசிப் பிடிய உட்டுப்போட்டுத்தான் மேல புதுசு கொட்டச் சொல்லுவேன்" என்றார். வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்து, குழந்தையை அங்கே அனுப்பவில்லை என்று சொன்னது அடுப்படிவரை கேட்டது. திரும்பி வந்து மனைவியிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களே மேடம்" என்றார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வழி செய்தேன். கிண்ணமே வேண்டாம். தட்டைத் தராசில் வைத்து, நெய்ப் பாத்திரத்திலிருந்து நேராகத் தட்டிலேயே விட்டு நிறுத்துக்கொள்ளலாம். நெய்ப் பாத்திரம் எப்போதும் காலியாகாது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கட்டும். "தட்டை?" என்று கேட்டேன். கோகிலா யோசித்தாள். "புள்ளையே வெரலால வழிச்சுத் தின்னா தப்பில்லீங்க" என்றாள். யாழினி அன்றைக்கே தட்டை நக்கிக் காட்டினாள்.

வாசலில் கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "நான் இத்தனை நாளாச் சொன்னேனுங்க மேடம். கிண்ணத்தெத் தராசுல வெச்சதுக்கப்புறந்தான் காதுல ஏறுதுங்க" என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் அது. காரில் ஏறினேன்.

சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு அழுதாளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த நாளிலிருந்து, வீட்டுக்குப் போகிற குழந்தைகளின் தாய்மார்களை எங்கள் சமையலறைக்கு வரவழைத்து, அவர்கள் கையாலேயே ஒரு வேளை செய்ய வைத்து, கொட்டிய பாத்திரத்தையும் திரும்ப நிறுத்துப் பார்க்கிற வழக்கத்தை ஆரம்பித்தார். சிஸ்டர் போன வருஷம் காலமாகிவிட்டார். அந்த வழக்கம் நடக்கிறதா என்று போன் செய்த பெண்ணிடம் கேட்டேன். நடக்கிறதாம்.

யாழினியின் பட்டை கறுத்தது, கறுப்பாகவே நின்றது. வலிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போயிற்று. எல்லாக் குழந்தைக்கும் அப்படி நிற்பதில்லை. நின்றது அவர்கள் கொடுத்து வைத்தது. டாக்டர் சொன்ன காலம்வரை அந்தச் சாப்பாட்டை நடத்தினார்கள். அதன் பிறகு நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எடை போட்ட சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் ஒருநாள், இனி மற்றக் குழந்தைகளைப் போலவே போடலாம், எடை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். "நீங்க வந்தாத்தானுங்க அன்னைக்கு நான் சோறு போடுவேன்" என்று கோகிலா போனில் பிடிவாதம் பிடித்தாள். போனேன்.

அடுப்படியிலேயே எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். யாழினி வளர்ந்திருந்தாள், பள்ளிச் சீருடையில் இருந்தாள். கோகிலா அவள் தட்டில் சோறு போட்டு, பருப்பு ஊற்றினாள். பக்கத்தில் நானும் செந்திலும் சாப்பிடக் கை வைத்தாயிற்று. யாழினி தட்டைத் தொடவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தின்னு கண்ணு" என்றாள் கோகிலா.

"எடை போடுலீங்களே அம்மா."

கோகிலாவின் கண் தராசு இருந்த மேடைப் பக்கம் போயிற்று. கரண்டியைப் பிடித்தபடி, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். இனி வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

செந்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அம்மா போட்டா அளவு சரியாத்தான் இருக்கும் சாமி. நீ தின்னு."

கோகிலா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வந்து, மகள் தட்டில் யாரும் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். குவித்து வைத்தாள்.